11 பிரிவு, 3 வருடம், ஒரே வரைபடம்: ஜிஐஎஸ் திட்டத்தை எங்கிருந்து பிடிப்பது?

#1 குழாய்வழி

வணக்கம். குடிநீர் வழங்கும் பெரிய நிறுவனம் ஒன்றில் வடிவமைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் கூப்பிட்டு, "ஜிஐஎஸ் திட்டம் இனி உங்கள் பொறுப்பு" என்று ஒரு கோப்பைக் கையில் திணித்துவிட்டார்கள். ஜிஐஎஸ் என்றால் புவியியல் தகவல் அமைப்பு, வரைபடத்தோடு விவரங்களையும் சேர்த்து வைப்பது. மொத்தம் 11 பிரிவுகள். குழாய், வால்வு, மீட்டர், நீரேற்று நிலையம் எல்லாம் ஒரே வரைபடத்தில் வர வேண்டும். கெடு 3 வருடம்.

கையில் இருப்பதைக் கணக்கெடுத்தேன். நான்கு பிரிவுகளில் ஆட்டோகேட் வரைபடம், மூன்றில் ஷேப்ஃபைல் (பழைய ஜிஐஎஸ் கோப்பு வடிவம்), இரண்டில் தாள் மட்டும், ஒன்றில் எக்செல். மிச்சமுள்ள ஒரு பிரிவில் கேட்டதற்கு, "அதெல்லாம் எங்கள் ஃபிட்டருக்குத் தெரியும்" என்றார்கள். ஒரு ஃபோல்டரில் 'இறுதி', 'இறுதி_புதியது', 'இறுதி_புதியது_சரிபார்த்தது' என்று மூன்று கோப்புகள். மூன்றிலும் குழாய்களின் எண்ணிக்கை வேறு வேறு.

மேலே இருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எந்த மென்பொருளை வாங்குவது? ஆறு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கும் ஆர்க்ஜிஐஎஸ்ஸா, இலவசமான க்யூஜிஐஎஸ்ஸா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 பழையடிஜிட்டைசர்

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொன்னீர்கள் என்றால் மூன்று வருடமும் அதற்கு முட்டுக்கொடுப்பதிலேயே போய்விடும். அனுபவித்தவன் சொல்கிறேன்.

1960களில் கனடாவில் முதல் ஜிஐஎஸ்ஸை உருவாக்கிய ரோஜர் டாம்லின்சன் பிற்பாடு திட்டமிடலைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று உண்டு: முதலில் இந்த அமைப்பிலிருந்து என்ன வெளியே வர வேண்டும் என்று கேளுங்கள், எதைக் கொட்டுவது என்பது பிறகு. கேட்கச் சாதாரணமாக இருக்கும். செய்பவர்கள் குறைவு.

ஒரு வேலை செய்யுங்கள். பராமரிப்பு, திட்டமிடல், கட்டண வசூல், கணக்கு, புகார்ப் பிரிவு என்று பக்கத்துக்கு ஒருவராக ஐந்து பேரைப் பிடித்து, "போன வாரம் எந்த முடிவை எடுக்கும்போது வரைபடம் இல்லாமல் திண்டாடினீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "ஜிஐஎஸ்ஸில் என்னென்ன வேண்டும்?" என்று கேட்டுவிடாதீர்கள், நூறு லேயர் (வரைபட அடுக்கு) சொல்வார்கள்.

பராமரிப்பு ஆள், "குழாய் உடைந்தால் எந்த வால்வுகளை மூடுவது, யாருக்கெல்லாம் தண்ணீர் நிற்கும்" என்பார். அதற்குக் குழாய்கள் ஒன்றோடொன்று நிஜமாகவே இணைந்திருக்க வேண்டும், வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா தெரிய வேண்டும், ஒவ்வொரு மீட்டரும் எந்தக் குழாயில் தொங்குகிறது என்று தெரிய வேண்டும். திட்டமிடல் ஆள், "அடுத்த வருடம் எந்தக் குழாயை மாற்றுவது" என்பார். அவருக்குக் குழாய் என்ன பொருளால் ஆனது, எந்த வருடம் போட்டது, எத்தனை முறை உடைந்தது என்பவைதான் முக்கியம். குழாய் அரை மீட்டர் தள்ளி வரையப்பட்டிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தோண்டப் போகிறவருக்கு அதே அரை மீட்டர்தான் எல்லாம்.

இரண்டுக்கும் செலவு வானத்துக்கும் பூமிக்கும். இதைப் பிரிக்காமல் "எல்லாமே 10 செ.மீ. துல்லியத்தில்" என்று டெண்டரில் எழுதினால் பணம் முதல் வருடத்திலேயே கரைந்துவிடும்.

#3 போஸ்ட்கிரஸ்பித்தன்

பெரியவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் ஆறு வாரத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டுமே, பாவம்.

என் ஓட்டு: தரவு போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் (போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் வரைபட நீட்சி, இதுவும் இலவசம்) இருக்கட்டும், திருத்துவது க்யூஜிஐஎஸ்ஸில். போஸ்ட்ஜிஐஎஸ் 2001 முதல் இருக்கிறது, க்யூஜிஐஎஸ் 2002இல் தொடங்கியது. இனியும் இவற்றைச் சோதனை முயற்சி என்று சொல்ல முடியாது. ஆர்க்ஜிஐஎஸ்ஸின் பழைய மேசைக்கணினி மென்பொருளான ஆர்க்மேப்புக்கு ஆதரவை நிறுத்தக் குறித்த கெடு 2026 மார்ச் 1. அதன் மேல் சொந்தமாகக் கருவிகள் எழுதி வைத்த நிறுவனங்கள் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அந்தச் செலவு யாருடைய டெண்டர் கணக்கிலும் இல்லை.

எந்தப் பக்கம் போனாலும் ஷேப்ஃபைலை மட்டும் மூலத் தரவாக வைக்காதீர்கள். கோப்புக்கு 2 ஜிபி வரம்பு. அட்டவணை நெடுவரிசையின் பெயருக்கு 10 பைட் வரம்பு, அதுவும் யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழில் வைத்தால் ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் போய்விடும். 'விட்டம்' என்ற சொல்லே முழுதாக நுழையாது. இதைவிட மோசம், தெரியாத எண் மதிப்பு ஏற்றுமதியில் பல நேரம் 0 ஆகிவிடும். "விட்டம் தெரியாது" என்று விட்டது "விட்டம் 0" ஆகி, நீரோட்டக் கணக்கு போடும் மென்பொருளுக்குள் போய் நிற்கும். கோப்பாகத்தான் பரிமாற வேண்டும் என்றால் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவம் இருக்கிறது.

#4 ஒப்பந்தப்பக்கம்

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன், மென்பொருளும் தரவு மாற்றமும் விற்பவர்கள் பக்கம். திட்டுங்கள், பரவாயில்லை.

பித்தன் சார், இலவசம் என்பது உரிமக் கட்டணம் மட்டும்தான். நள்ளிரவில் சர்வர் படுத்தால் எழுப்ப ஆள் வேண்டும். இவர்கள் நிறுவனத்தில் போஸ்ட்கிரஸ் தெரிந்தவர் எத்தனை பேர்? ஒருவர் என்றால் அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் திட்டமும் போய்விடும். எந்த மென்பொருள் என்பதைவிட அதை ஓட்ட உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்று, எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். காசை எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒப்பந்தத்தில் பார்த்து எழுதுங்கள். நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த இடத்தில் வரையும் உருவுக்கு இத்தனை என்று கூலி. ஒரு தெரு நீளத்துக்குப் போகிற ஒரே குழாய் எங்கள் கையில் 40 துண்டானது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு துண்டு போடலாம் என்று விதியிலேயே இருந்தது.

கிலோமீட்டர் கணக்கில் கொடுங்கள், அதையும் மாதிரிச் சோதனையில் தேறிய பகுதிகளுக்கு மட்டும் கொடுங்கள். சோதனையை உங்கள் ஆள் செய்ய வேண்டும், எங்கள் ஆள் அல்ல. எந்தத் தெருக்களைச் சோதிக்கப் போகிறீர்கள் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியவே கூடாது.

#5 களத்தில்நிற்பவன்

எல்லாரும் ஆபீஸிலிருந்தே பேசுகிறீர்கள். நான் உடைப்பு சரிசெய்யும் குழுவில் இருக்கிறேன்.

எங்களுக்கும் ஜிஐஎஸ் வந்தது. டேப்லெட் கொடுத்தார்கள். முதல் மாதமே ஒரு ராத்திரி பெரிய குழாய் உடைந்தது. டேப்லெட்டில் சந்திப்பின் நடுவில் வால்வு என்று நீலப் புள்ளி. இரண்டு மணி நேரம் தோண்டினோம், மண்தான் வந்தது. அப்புறம் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரை வீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். 'மூலைக் கம்பத்திலிருந்து 4 அடி, சுவரிலிருந்து 9 அடி' என்று பென்சிலில் எழுதியிருந்தது. கடப்பாரையை அவர் காட்டிய இடத்தில் இறக்கினோம், டங்கென்று சத்தம். சாலையை அகலப்படுத்தியபோது வால்வை இடம் மாற்றியிருக்கிறார்கள். நோட்டுக்குத் தெரிந்திருக்கிறது, டேப்லெட்டுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் யாரும் டேப்லெட்டைத் தொடுவதில்லை. உங்கள் 11 பிரிவில் எத்தனை நோட்டு இருக்கிறது என்று எண்ணினீர்களா?

#6 குழாய்வழி

எண்ணவில்லை. நேர்மையாகச் சொல்கிறேன், அது என் மனதிலேயே வரவில்லை.

@பழையடிஜிட்டைசர்: ஐந்து பேரிடமும் கேட்டேன். நான்கு பேர் நீங்கள் சொன்ன மாதிரியே. ஐந்தாவது ஆள் கணக்குப் பிரிவு. "எங்கள் சொத்துப் பதிவேட்டில் உள்ள குழாய் நீளமும் உங்கள் வரைபடத்து நீளமும் ஏன் ஒத்துப்போகவில்லை?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். சோதனைக்குப் போட்ட டாஷ்போர்டில் எல்லாப் பிரிவிலும் நீளம் கூடுதலாகத்தான் காட்டுகிறது. எங்கே தப்பு?

#7 போஸ்ட்கிரஸ்பித்தன்

டாஷ்போர்டு எந்த ஆயத்தொலைவு முறையில் நீளத்தைக் கணக்கிடுகிறது? 3857 (வெப் மெர்கேட்டர் முறையின் குறியீட்டு எண்) என்று இருந்தால் அதுதான் குற்றவாளி. வெப் மெர்கேட்டர் இணைய வரைபடத்தைக் காட்டுவதற்கு, அளப்பதற்கு அல்ல. நிலநடுக்கோட்டை விட்டுத் தள்ளிப் போகப் போக எல்லாம் பெருக்கும். 45 பாகை அட்சரேகையில் நீளம் ஏறத்தாழ 41 சதவீதம் கூடும், 60 பாகையில் இரட்டிப்பு. உங்கள் பகுதிக்குரிய யூடிஎம் (மீட்டரில் அளக்கும் ஆயத்தொலைவு முறை) மண்டலத்துக்கு மாற்றி அளங்கள், அல்லது கோள வடிவத்திலேயே கணக்கிடுங்கள்.

எல்லாப் பிரிவிலும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் கூடியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

#8 குழாய்வழி

அதேதான். ஒரே விகிதம். நன்றி.

ஆனால் அதைச் சரிசெய்யும்போது இன்னொன்று கிளம்பியது. பக்கத்துப் பக்கத்து இரண்டு பிரிவுகளின் எல்லையில் ஒரு பெரிய குழாய் சேர வேண்டும். வரைபடத்தில் இரண்டு முனைகளுக்கும் நடுவில் நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி. இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரைக் கை காட்டுகிறார்கள், அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்தாரை.

#9 பழையடிஜிட்டைசர்

இரண்டு பேரும் சரியாகவே வரைந்திருப்பார்கள். டேட்டம், அதாவது ஆயத்தொலைவுகளை அளக்கும் அடிப்படை, வேறு. ஒருவர் பழைய உள்ளூர் டேட்டம், இன்னொருவர் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84.

எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஷேப்ஃபைலோடு வர வேண்டிய, ஆயத்தொலைவு முறையைச் (ப்ரொஜெக்ஷன்) சொல்லும் பிஆர்ஜே கோப்பு எங்கோ தொலைந்திருக்கும். திறந்தவர் "ப்ரொஜெக்ஷன் தெரியவில்லை" என்ற எச்சரிக்கையைப் பார்த்து, போகட்டும் என்று டபிள்யூஜிஎஸ்84ஐத் தேர்ந்தெடுத்து ஓகே அழுத்தியிருப்பார். ப்ரொஜெக்ஷனை அறிவிப்பது வேறு, மாற்றுவது வேறு. அறிவித்தால் எண்கள் அப்படியே இருக்கும், மேலே ஒட்டிய சீட்டு மட்டும் மாறும். மாற்றினால்தான் எண்களும் மாறும். உப்பு டப்பாவில் சர்க்கரை என்று சீட்டு ஒட்டிய கதை.

உடனே குழாயை இழுத்து ஒட்டிவிடாதீர்கள்! அப்படி இழுத்து ஒட்டிய ஒரு திட்டத்தை நான் பார்த்தேன், எல்லை அழகாகச் சேர்ந்தது, உள்ளே எல்லாம் கோணல். இரண்டு பிரிவிலும் தெளிவாகத் தெரியும் பத்துப் பதினைந்து புள்ளிகளை எடுத்து, கட்டட மூலை, பாலத்தின் முனை மாதிரி, களத்தில் ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் இடங்காட்டி) கருவியால் அளந்து பாருங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளியிருந்தால் டேட்டம்தான். கண்டபடி சிதறியிருந்தால் வரைந்ததிலேயே கோளாறு.

ஒருமுறை சரிசெய்தால் ஆயுளுக்கும் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியக் கண்டம் வருடத்துக்கு ஏறத்தாழ 7 செ.மீ. நகர்கிறது. அந்நாட்டு டேட்டம் ஜிடிஏ94இலிருந்து ஜிடிஏ2020க்கு மாறியபோது அங்கே ஆயத்தொலைவுகள் ஏறத்தாழ 1.8 மீட்டர் நகர்ந்தன. தரவு எந்த டேட்டத்தில், எந்த ஆண்டில் எடுத்தது என்பதைத் தரவோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.

#10 நடுமேசை

தகவல் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒரு குரல். நீங்கள் எல்லோரும் வரைபடத்தையே பார்க்கிறீர்கள். பெரிய நிறுவனத்தில் ஜிஐஎஸ் தனியாக வாழாது. பணி ஆணைகள் ஒரு மென்பொருளில், கட்டணம் ஒன்றில், கணக்கு இன்னொன்றில். நான்கிலும் ஒரே வால்வுக்கு நான்கு பெயர் இருக்கும். முதல் நாளே ஒரு நிரந்தர எண் முறையை முடிவு செய்யுங்கள்.

எண்ணுக்குள் அர்த்தத்தைத் திணிக்காதீர்கள். '07-300-வா-0042' என்று பிரிவு, விட்டம், வகை எல்லாம் சேர்த்து வைப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். நாளை 7ஆம் பிரிவை இரண்டாகப் பிரித்தால்? 300 மி.மீ. என்று நினைத்தது தோண்டியபின் 250 என்றால்? எண்ணை மாற்றினால் பழைய பணி ஆணைகள் அநாதை. மாற்றாவிட்டால் எண்ணே பொய் சொல்லும். வெறும் வரிசை எண் போதும்.

#11 களத்தில்நிற்பவன்

வெறும் எண்ணா? ஃபோனில் ராத்திரி இரண்டு மணிக்கு "8814027ஐ மூடு" என்றால் நான் 8814072ஐ மூடுவேன். அப்புறம் வேறொரு தெருவுக்குத் தண்ணீர் நிற்கும். பெயரில் இடம் இருந்தால்தான் நாக்கும் காதும் தப்பு பண்ணாது.

#12 நடுமேசை

நியாயம். இரண்டும் வைக்கலாம்: கணினிக்கு மாறாத எண், மனிதருக்கு மாறக்கூடிய பெயர்ப்பலகை. இணைப்புகள் எண்ணில் ஓடட்டும், பேச்சு பெயரில் ஓடட்டும். எண்ணின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கமும் சேர்த்தால் 27ஐ 72 என்று தட்டும்போதே கணினி மறுத்துவிடும்.

#13 களத்தில்நிற்பவன்

அது சரி.

#14 பழையடிஜிட்டைசர்

குழாய்வழி, இந்த இழையிலேயே பெரிய கேள்வி 5ஆம் பதிவில் இருக்கிறது. அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, நானும் சேர்த்துத்தான்.

சாலை அகலமானபோது வால்வு நகர்ந்தது. அதை நகர்த்தியவருக்குத் தெரியும், ஃபிட்டருக்குத் தெரியும். அந்தச் செய்தி வரைபடத்துக்கு வர வழியே இல்லை. நான் வேலை பார்த்த முதல் பெரிய திட்டத்தில் தொடக்க விழா நடந்த அன்று தரவு நன்றாகவே இருந்தது. இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கடைசித் திருத்தத்தின் தேதி, விழாவுக்கு மறுவாரம். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, உரிமக் கட்டணமும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. வாயில் கதவு, பெரிய கட்டடம், உள்ளே ஆளில்லை.

எனவே மேலே உள்ளவர்களுக்கு நீங்கள் எழுதப் போகும் அறிக்கையில் மென்பொருள் பெயருக்கு முன்னால் இதை எழுதுங்கள்: ஒரு வால்வு மாறினால் யார், எத்தனை நாளுக்குள், எதன் மூலம் வரைபடத்தை மாற்றுவார், அவர் செய்யவில்லை என்றால் எது நிற்கும்? "எது நிற்கும்" என்பதுதான் உயிர்நாடி. எதுவும் நிற்காது என்றால் யாரும் செய்யமாட்டார்கள். புதுக் குழாய் போட்ட ஒப்பந்ததாரருக்கு, போட்டது போட்டபடியான வரைபடம் ஜிஐஎஸ்ஸில் ஏறித் தேறும் வரை கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள்.

#15 ஒப்பந்தப்பக்கம்

கடைசித் தவணை போதாது சார். அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு, தரவு தயாரிக்கும் செலவைவிட அது சின்னதாக இருந்தால். மாதாமாதம் பில்லோடு அந்த மாதத்து வரைபடமும் வர வேண்டும் என்று வையுங்கள். குழியை மூடுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும், மூடியபின் எடுத்தால் அது ஊகம்.

#16 களத்தில்நிற்பவன்

எங்கள் பக்கமும் கேளுங்கள். எங்களுக்கு வந்த செயலியில் ஒரு வால்வுக்கு 34 கட்டம் நிரப்ப வேண்டும். தயாரிப்பாளர் யார், எந்த ஆண்டு, எத்தனை சுற்று... சேற்றில் நின்றுகொண்டு கையுறையோடு யார் நிரப்புவது? எல்லாரும் 'மற்றவை', 'மற்றவை', 'மற்றவை' என்று அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மூன்று கேளுங்கள், தருகிறோம்: எங்கே, திறந்திருக்கா மூடியிருக்கா, ஒரு படம். மிச்சத்தை ஆபீஸில் இருப்பவர் படத்தைப் பார்த்து நிரப்பட்டும். அவருக்கு ஏசி இருக்கிறது.

அப்புறம், நான் ஒரு தப்பைச் சொன்னால் அது என்ன ஆனது என்று எனக்குத் திரும்பச் சொல்லுங்கள். மூன்று தடவை சொல்லி மூன்று தடவையும் அதே நீலப் புள்ளி அதே இடத்தில் இருந்தால் நாலாவது தடவை சொல்ல மாட்டேன்.

#17 போஸ்ட்கிரஸ்பித்தன்

34 கட்டத்தை வடிவமைத்தவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன் (உங்கள் நிறுவனத்தில் அல்ல). வெட்கமாக இருக்கிறது.

ஒரு கட்டம் மட்டும் கூடுதலாகக் கேட்பேன், அதைக் களத்தில் நிரப்ப வேண்டாம், தரவு ஏறும்போதே தானாக நிரம்பட்டும்: "இது எப்படித் தெரிந்தது?" அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் 38ஆம் எண் தரநிலையில் நிலத்தடிக் குழாய், கேபிள்களுக்கு நான்கு தரம் உண்டு. டி என்றால் பழைய பதிவோ வாய்வார்த்தையோ. சி என்றால் மேலே தெரியும் மூடி முதலியவற்றை அளந்து பதிவோடு பொருத்தியது. பி என்றால் ரேடார் போன்ற கருவியால் தரையின் மேலிருந்து கண்டது. ஏ என்றால் தோண்டிக் கண்ணால் பார்த்து அளந்தது. வரைபடத்தில் டி தரத்தைப் புள்ளிக்கோடாகக் காட்டினாலே போதும். அன்றைக்கு அந்த நீலப் புள்ளி மங்கலாகத் தெரிந்திருந்தால் இரண்டு மணி நேரம் தோண்டியிருக்க மாட்டார்கள், முதலிலேயே ஃபிட்டரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

#18 குழாய்வழி

ஏழு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அறிக்கை கொடுத்தேன். மென்பொருளின் பெயர் நான்காவது பக்கத்தில்தான் வருகிறது என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். 11 பிரிவையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் விருப்பம். ஒரு பிரிவை மட்டும் முதலில் எடுக்க ஒப்புக்கொள்ள வைத்தேன். எதை எடுப்பது என்பதில் கொஞ்சம் சண்டை. தரவு நன்றாக இருக்கும் பிரிவை எடுத்தால் சீக்கிரம் வெற்றி காட்டலாம் என்றார்கள். "எங்கள் ஃபிட்டருக்குத் தெரியும்" பிரிவை எடுத்தேன்.

எல்லையில் இருந்த இடைவெளி டேட்டம்தான். 14 புள்ளிகள் அளந்தோம், 13 ஒரே திசையில் ஒரே அளவு. பதினான்காவது, இடித்துவிட்டு வேறு இடத்தில் கட்டிய கட்டடம்.

ஃபிட்டர்களிடம் நோட்டு கேட்டபோது முதலில் யாரும் தரவில்லை. "கொடுத்துவிட்டால் அப்புறம் எங்களை எதற்கு வைத்திருப்பீர்கள்?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். வாங்கிக்கொண்டு போவதில்லை என்று முடிவு செய்தோம். அவர்களையே உட்கார வைத்து, பக்கத்தில் வரைபவர் ஒருவரை வைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல வரைகிறோம். ஒவ்வொரு வால்விலும் சொன்னவரின் பணி எண்ணும் ஏறும். மூன்று பேர் இதுவரை வந்திருக்கிறார்கள், 212 வால்வுகள். எல்லாம் இப்போதைக்கு டி தரம்தான், புள்ளிக்கோடு.

இதற்கிடையில் இணைப்பைச் சோதிக்க ஒரு குழாயை 'உடைத்து' எந்த வால்வுகளை மூட வேண்டும் என்று கணினியைக் கேட்டேன். பாதி ஊரையே மூடச் சொன்னது. பார்த்தால் வால்வுப் புள்ளி குழாயின் மேல் இருக்கிற மாதிரி தெரிகிறது, பெரிதாக்கினால் 2 செ.மீ. தள்ளி நிற்கிறது. கணினிக்கு அங்கே வால்வே இல்லை. 212இல் 61 அப்படி. இந்த வாரம் முழுக்க ஸ்னாப் (பக்கத்தில் உள்ளதோடு தானாக ஒட்டும் வசதி) வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

#19 பழையடிஜிட்டைசர்

ஸ்னாப் தூரத்தைத் தாராளமாக வைத்துவிடாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு குழாய்களில் வால்வு தப்பான குழாயில் போய் ஒட்டிக்கொள்ளும். அது இடைவெளியைவிட மோசம், சோதனையில் பிடிபடாது.

#20 களத்தில்நிற்பவன்

அந்த 61ஐயும் ஆபீஸிலிருந்தே ஒட்டுகிறீர்களா, இல்லை யாராவது போய்ப் பார்த்தார்களா?

#21 குழாய்வழி

48ஐ ஒட்டிவிட்டோம், அங்கே ஒரே குழாய்தான், சந்தேகமில்லை. மிச்சம் 13 இரட்டைக் குழாய் ஓடும் தெருக்கள். நாளைக் காலை ஃபிட்டரோடு நானும் போகிறேன். செயலியில் மூன்று கட்டம்தான் வைத்திருக்கிறோம்.